கல்லூரிப் பட்டத்தோடு தொழிலுறவையும் இணையத்தில் படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பா நூற்பாலைத் தொழிலாளி. வீட்டுப் பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் ஒரு காகிதக் கட்டு எப்போதும் இருக்கும். கேட்டால் "அது பன்னெண்டு மூணு, தொடாதே" என்பார். பல வருடம் அந்த எண் எனக்கு வெறும் எண்ணாகவே இருந்தது. பி.காம். இரண்டாம் ஆண்டில் இணையத்தில் தொழிலுறவுப் பாடம் (இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ், அதாவது தொழிலாளர், நிர்வாகம், அரசு மூவருக்கும் நடுவிலான உறவைப் பற்றியது) ஒன்றைப் படிக்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், பிரிவு 12(3): சமரச அலுவலர் முன்னிலையில் போடும் ஒப்பந்தம். அது ஆலையில் இருக்கும் எல்லாத் தொழிலாளிகளையும், நாளைக்கு வேலையில் சேரப்போகிறவரையும்கூடக் கட்டும். நிர்வாகமும் சங்கமும் தாங்களாகவே பேசிப் போடும் 18(1) ஒப்பந்தமோ கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். எங்கள் வீட்டுச் சோறு இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் வெந்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

இப்போது பட்டம் படித்துக்கொண்டே தொழிலுறவையும் மைனராக, அதாவது துணைப்பாடமாக, இணையத்தில் படிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தட்டுத் தடுமாறிக் கற்ற வரிசையை மாற்றி, இப்படிப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் கிரெடிட் கணக்கு

பாடத்தைத் தேடும் முன்பு உங்கள் பல்கலைக்கழக விதிமுறைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மைனர் என்ற சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் கிடையாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 பாடத்திட்டக் கட்டமைப்பைப் பின்பற்றும் இடங்களில், மூன்றாண்டுப் பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட்; அதில் மைனருக்கு 24. நான்காண்டுப் பட்டமென்றால் 160-இல் 32. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் பி.இ., பி.டெக். மாணவர்கள் கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் மைனர் பட்டம் உண்டு. ஆனால் எந்தத் துறைகளில் மைனர் எடுக்கலாம் என்று அவர்களே பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதற்குள்தான் நீங்கள் நகர முடியும். தமிழ்நாட்டின் பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளிலோ இன்னும் பார்ட் ஒன் முதல் பார்ட் ஃபைவ் வரையிலான பழைய அமைப்புதான். அங்கே மைனர் என்ற பெயர் சான்றிதழில் வராது. அலைடு, விருப்பப்பாடம், கூடுதல் கிரெடிட் என்ற வாசல்கள் வழியாக உள்ளே நுழைய வேண்டும்.

இணையத்தில் படிப்பதற்கு மத்திய அரசின் ஸ்வயம் தளம்தான் நமக்கு முதல் இடம். 2017-இல் தொடங்கியது. 2021 யுஜிசி விதிமுறைப்படி, ஒரு பருவத்தில் படிக்கும் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக எடுக்கக் கல்வி நிறுவனம் அனுமதிக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்றால் 8 வரை ஸ்வயத்தில் எடுக்கலாம். 12 வாரப் பாடத்துக்குப் பொதுவாக 3 கிரெடிட், 8 வாரத்துக்கு 2, 4 வாரத்துக்கு 1. அப்படியானால் ஒரு பருவத்தில் இரண்டு பெரிய பாடமும் ஒரு சின்னப் பாடமும் தாராளமாக முடியும். உடம்பும் மனசும் தாங்குமா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால் பருவத்துக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

இதில் 'அனுமதிக்கலாம்' என்ற சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிப்பது கல்லூரி, ஸ்வயம் சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் கிரெடிட் தானாக வந்து சேராது. நான் முதல் பாடத்தை ஆர்வத்தில் படித்து, தேர்வும் எழுதி, சான்றிதழோடு போய் நின்றேன். முன் அனுமதி வாங்கவில்லை, கல்விக் குழு ஒப்புதல் கொடுத்த பட்டியலில் அந்தப் பாடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று கிரெடிட் போயிற்று. படிப்பு போகவில்லை, அதுவரைக்கும் சரி. ஆனால் உங்களுக்கு அது நடக்க வேண்டியதில்லை. பாடத்தின் பெயர், நடத்தும் நிறுவனம், வாரக் கணக்கு, கிரெடிட் நான்கையும் ஒரு தாளில் எழுதி, துறைத் தலைவரிடமும் கல்லூரியின் ஸ்வயம் ஒருங்கிணைப்பாளரிடமும் கையெழுத்து வாங்கிய பிறகு சேருங்கள். வாங்கிய கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கையும் அப்போதே திறந்து, அதில் இருக்கிற பெயரும் ஸ்வயத்தில் கொடுக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். இனிஷியல் முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் இருப்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்போதும் வரும் தலைவலி.

கல்லூரி எந்த வழியிலும் ஒத்துக்கொள்ளவில்லையா? 2022 ஏப்ரலில் யுஜிசி ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைப் படிக்க வழி திறந்தது. வழக்கமான பட்டத்தோடு, திறந்தநிலை அல்லது இணையவழியில் ஒரு டிப்ளமோவும் படிக்கலாம். அது மைனர் ஆகாது. ஆனால் கையில் தனிச் சான்றிதழாக நிற்கும்.

பாடங்களைக் கோப்பது

'தொழிலுறவு மைனர்' என்று ஒரே பொட்டலமாக நம் நாட்டு இணையத் தளங்களில் தேடினால் ஏமாற்றம்தான். நாமே கோத்துக்கொள்ள வேண்டும். தேடும்போது தொழிலுறவு என்ற ஒரு சொல்லோடு நிற்காதீர்கள். தொழிலாளர் சட்டம், தொழிலாளர் நலம், தொழிலாளர் பொருளியல், மனிதவள மேலாண்மை, சமூகப் பாதுகாப்பு, பேச்சுவார்த்தைத் திறன் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஜனவரிக்கும் ஜூலைக்கும் பட்டியல் மாறும்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் தொழிலுறவின் அடிப்படை. அடுத்து தொழிலாளர் சட்டம். மூன்றாவது தொழிலாளர் பொருளியல் அல்லது வரலாறு. மனிதவள மேலாண்மையைக் கடைசியில் வையுங்கள். பலர் இதைத்தான் முதலில் எடுக்கிறார்கள், ஏனென்றால் சுலபமாகக் கிடைக்கிறது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதவளப் பாடம் தொழிற்சாலையை நிர்வாக அறையின் ஜன்னலிலிருந்து பார்க்கப் பழக்கும். நிறுவனம் ஒரே குடும்பம், தகராறு என்பது யாரோ கிளப்பிவிட்ட குழப்பம் என்ற எண்ணம் நமக்கே தெரியாமல் படிந்துவிடும். பிரிட்டனின் சமூகவியலாளர் ஆலன் ஃபாக்ஸ் 1966-இல் இந்தப் பார்வையைத் தனியாகப் பிரித்துக் காட்டி, இதற்கு எதிராக, ஒரு நிறுவனத்துக்குள் வெவ்வேறு நலன்கள் இருப்பது இயல்பு, அவை மோதுவதும் பேசித் தீர்ப்பதும் இயல்பு என்ற பன்மைப் பார்வையை முன்வைத்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மனிதவளம் படித்தால் அதில் இருக்கிற நல்லதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும்.

முதல் வீடியோவுக்கு முன்பே ஒரு தகராறைக் கையில் எடுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான். தொழிலுறவை வரையறையில் தொடங்கினால் இரண்டாவது வாரத்தில் தூக்கம் வரும். ஏதாவது ஒரு தகராறைப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வாரமும் ஒவ்வொரு பாடத்தையும் அதில் பொருத்திப் பார்த்தால் எதுவும் மறக்காது.

உதாரணத்துக்கு, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி அக்டோபர் நடுவரை ஒரு மாதத்துக்கும் மேலாக நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் கலந்துகொண்டார்கள். ஊதிய உயர்வும் கோரிக்கையில் இருந்தது. ஆனால் சண்டையின் நடுப்புள்ளி சங்கம்தான். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கலாமா என்பதே வாதமானது. தமிழக அமைச்சர்கள் இடையில் வந்து பேசினார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது.

இப்போது பாடப் புத்தகக் கேள்விகளை இதன் மேல் வைத்துப் பாருங்கள். 1958-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் டன்லப் தொழிலுறவில் மூன்று தரப்பு உண்டு என்றார்: தொழிலாளர், நிர்வாகம், அரசு. சுங்குவார்சத்திரத்தில் அந்த மூன்றாவது தரப்பு எங்கே நின்றது? முதலீட்டை அழைத்து வந்ததும் அரசு, சங்கத்தைப் பதிவு செய்யும் அதிகாரியும் அரசு, சமரசம் பேசியதும் அரசு. அப்புறம், சங்கம் பதிவாவது வேறு, நிர்வாகம் அதைப் பேச்சுவார்த்தைக்கு அங்கீகரிப்பது வேறு. நான்கு பக்கக் குறிப்பில் படித்தால் மறந்துபோகும் இந்த வித்தியாசம், இந்த ஒரு தகராறில் பளிச்சென்று தெரியும். சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவில் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகளும் அதையேதான் பேசுகின்றன. அந்த இரண்டிலும் இந்தியா இன்றுவரை சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று தேடிப் போனால் அரசு ஊழியர்களின் உரிமையில் போய் நிற்பீர்கள். அங்கிருந்து 2003-இல் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டதும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று டி.கே. ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் வந்து சேரும். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் இவ்வளவும் வரும்.

பழைய கதை வேண்டுமென்றால் பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை இருக்கிறது. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் பிறந்தது, திரு.வி.க. தோள் கொடுத்தார். பின்னர் ஆலை நிர்வாகம் வாடியா மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் தடையாணையும் வாங்கியது. தொழிலாளரைத் திரட்டியதற்காக ஒருவரை நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்ற நிலைமை நாட்டையே உலுக்கி, 1926 தொழிற்சங்கச் சட்டம் வரக் காரணங்களில் ஒன்றானது. அந்தச் சங்கம் பிறப்பதற்கும் பத்து வருடம் முன்னால், 1908-இல், தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. நடத்தியிருந்தார். நாட்டின் முதல் மே தினத்தை 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடினார். இந்தப் பாடத்தை வெளிநாட்டுக் கதைகளோடுதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லவே இல்லை.

சட்டம்: பழையதும் புதியதும் இரண்டும் வேண்டும்

இந்த இடத்தில் இப்போது படிக்கிறவர்களுக்குக் கூடுதல் உழைப்பு இருக்கிறது. தொழில் தகராறுகள் சட்டம் உட்பட 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்: 2019-இன் ஊதியத் தொகுப்பு, 2020-இன் தொழிலுறவுத் தொகுப்பு, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பணிப் பாதுகாப்புத் தொகுப்பு. ஸ்வயத்திலோ யூடியூபிலோ இருக்கிற பல வீடியோக்கள் அதற்கு முன்னால் எடுத்தவை. 'தொழில் தகராறுகள் சட்டப்படி' என்று ஆசிரியர் தொடங்கினால் வீடியோவின் தேதியைப் பாருங்கள்.

அதற்காகப் பழையதை ஒதுக்கவும் முடியாது. எண்பது வருடத் தீர்ப்புகள் பழைய சட்டத்தின் மேல்தான் நிற்கின்றன. 'தொழில்' என்றால் என்ன என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விரிவாக விளக்கிய 1978 பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்பைப் படிக்காமல் யாரும் இந்தத் துறையைத் தாண்ட முடியாது. ஆலை வாசலிலும் இன்னும் 'பன்னெண்டு மூணு' என்றுதான் பேசுகிறார்கள்.

ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது பக்கம் பழைய சட்டம், வலது பக்கம் புதிய தொகுப்பு. ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி: இடதில் 100 தொழிலாளர் இருந்தாலே தேவை, வலதில் 300. வேலைநிறுத்த முன்னறிவிப்பு: இடதில் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும், வலதில் எல்லா நிறுவனத்துக்கும் 14 நாள். பாதித் தொழிலாளர்கள் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால்: வலதில் அதுவும் வேலைநிறுத்தம். எந்தச் சங்கத்தோடு பேசுவது: மத்தியச் சட்டத்தில் இடது பக்கம் காலி; வலதில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கம், அப்படி எதுவும் இல்லாவிட்டால் 20 சதவீதம் உள்ளவை சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு. ஒவ்வொரு வரிக்கும் கீழே, இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று சொந்தமாக இரண்டு வரி எழுதுங்கள். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும் என்பதைவிட, பிறகு எந்தச் செய்தியைப் படித்தாலும் இந்த நோட்டு கண்முன் வரும் என்பதுதான் முக்கியம்.

மாநிலச் சட்டங்களைத் தனிப் பக்கத்தில் வையுங்கள். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981 சட்டம், உடலுழைப்புத் தொழிலாளருக்கு நல வாரியங்கள் தந்த 1982 சட்டம், கடையில் நிற்கிறவர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்ற 2021 திருத்தம். மூன்றும் தமிழ்நாட்டுச் சட்டங்கள், தேசிய அளவிலான பாடங்களில் பெரும்பாலும் வராது. 12 மணி நேர வேலைக்கு வழி செய்த மசோதா 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டு மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதையும் அங்கே குறித்து வையுங்கள்.

மூலச் சட்டங்களை இந்தியா கோட் தளத்திலும், தீர்ப்புகளை இந்தியன் கானூன் தளத்திலும் காசில்லாமல் படிக்கலாம். நொய்டாவில் இருக்கும் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தின் ஆய்வுகளும் இணையத்தில் கிடைக்கின்றன. அந்தக் கிரி, வங்கி ஊழியர் தீர்ப்பை அரசு மாற்றியதை ஏற்காமல் 1954-இல் தொழிலாளர் அமைச்சர் பதவியை விட்டு விலகியவர். பிறகு குடியரசுத் தலைவரானார்.

வாரம் எப்படிப் போக வேண்டும்

வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். வீடியோவுக்கு இரண்டரை, வாசிப்புக்கு ஒன்றரை, உங்கள் தகராறுக் குறிப்புக்கு ஒன்று. வீடியோவை ஓட விட்டுக்கொண்டு வேறு வேலை பார்த்தால் இந்தப் பாடம் ஏறாது. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுதிப் பழகுங்கள்: நிலையாணை, கதவடைப்பு, கோரிக்கைப் பட்டியல், சமரசப் பேச்சு, பஞ்சப்படி. தமிழ்ச் சொல் கைவசம் இல்லாதவரால் ஒரு தொழிலாளியிடம் ஐந்து நிமிடம் பேச முடியாது.

ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.களின் என்பிடெல் அமைப்பு நடத்தும் பாடங்களில் ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். 12 வாரத்தில் சிறந்த 8 ஒப்படைப்புகளைக் கணக்கில் எடுப்பார்கள். 25-க்குக் குறைந்தது 10, 75-க்குக் குறைந்தது 30 வேண்டும். சேர்வது இலவசம், தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். இந்தத் தேர்வுப் பதிவைத் தவறவிட்டுவிட்டு, பாடத்தில்தான் சேர்ந்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறியுங்கள். மற்ற ஸ்வயம் பாடங்களில் இந்தப் பங்கு 30-க்கு 70.

திரைக்கு வெளியே

நான்காவது வாரத்துக்குள் வீட்டிலோ அக்கம் பக்கத்திலோ ஒருவரின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் என்று ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தொழில் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டை மத்தியத் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடுகிறது. சென்னை, கோவை, குன்னூர், மதுரையின் விலைகளும் அதில் சேரும். குன்னூர்க் கடையில் அரிசி விலை ஏறுவது எப்படி இன்னொருவரின் பஞ்சப்படியாக மாறுகிறது என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தால், ஒரு மாதப் பாடம் ஒரு மாலையில் புரியும்.

சம்பளச் சீட்டே இல்லாதவர்களும் இருப்பார்கள். காண்ட்ராக்டில் வேலை செய்யும் பெண்கள், டிரெய்னி என்ற பெயரிலேயே மூன்று வருடம் ஓட்டுகிறவர்கள், உணவு டெலிவரி செய்யும் தம்பிகள். அவர்களிடமும் பேசுங்கள். பேசும்போது பெயரையும் நிறுவனத்தையும் எழுதாதீர்கள். நமக்கு அது ஒப்படைப்பு. அவர்களுக்கு வேலை போகும் விஷயம். போனில் பதிவு செய்வதென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள்.

முடிந்தால் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பத்து வருடம் இழுத்த வேலைநீக்க வழக்கில் வாய்தா வாங்கிக்கொண்டு படியிறங்கும் ஒருவரின் முகம், தாமதித்த நீதி பற்றி எந்த வீடியோவும் சொல்லாததைச் சொல்லும்.

இதை வைத்து என்ன செய்யலாம்

மனிதவளத் துறை, தொழிலாளர் சட்டம், சங்கப் பணி, ஆய்வு என்று நான்கு பக்கமும் வழி இருக்கிறது. வருங்கால வைப்பு நிதி நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.-வுக்கு யுபிஎஸ்சி நடத்தும் அமலாக்க அலுவலர் தேர்வில் தொழிலுறவும் தொழிலாளர் சட்டமும் பாடத்திட்டத்திலேயே உண்டு. யுஜிசி நெட் தேர்விலும் தொழிலாளர் நலம், தொழிலுறவு எல்லாம் சேர்ந்த தனிப் பாடம் இருக்கிறது. மேலே முழுநேரமாகப் படிக்க விரும்பினால் சென்னையில் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம் தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. நடத்துகிறது. அரசு நிறுவனம் என்பதால் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. மைனரில் படித்த அடித்தளம் அங்கே நன்றாக உதவும்.

கடைசிக் கட்டுரை

மைனர் முடியும்போது ஒரு திட்டக் கட்டுரை கேட்பார்கள்; கேட்காவிட்டாலும் எழுதுங்கள். தலைப்பைச் சுருக்குங்கள். 'இந்தியாவில் தொழிலுறவு' என்று எடுத்தால் எங்கும் போய்ச் சேராது. 'எங்கள் ஊர் ஜவுளிக்கடைகளில் இருக்கைச் சட்டம் வந்த பிறகு என்ன மாறியது' என்று எடுத்தால் பத்துக் கடை, இருபது பேர், ஒரு சட்டப் பிரிவு. இரண்டு மாதத்தில் முடியும். சட்டம் என்ன சொல்கிறது, கடையில் என்ன நடக்கிறது, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம் ஏன் என்று மூன்று பகுதியாக எழுதினால் போதும். கடை முதலாளியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்; அவர் பக்கம் இல்லாத கட்டுரை பாதிக் கட்டுரை.

கட்டுரையைச் சமர்ப்பித்த பிறகு, அதன் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, பேட்டி கொடுத்தவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் அப்படிக் கொடுத்தபோது ஒரு அக்கா, உட்காரும் உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்ற வரியை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு, தாளை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டார்.